பேக்கேஜ் ரிப்போர்ட்டில் 280: ஐம்பது தாண்டிய ஆணுக்கு ஊசியா, ஜெல்லா, எதுவும் வேண்டாமா?

மாஸ்டர் ஹெல்த் செக்கப் பேக்கேஜ்களில் இப்போது ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனும் ஒரு வரியாகச் சேர்ந்துகொண்டது. சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு எல்லாம் தாண்டிக் கடைசிப் பக்கத்தில் 280 என்று ஓர் எண், பக்கத்திலேயே கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி. ஏற்கெனவே சோர்வு, தொப்பை, படுக்கையறைச் சுணக்கம் என்று இருப்பவருக்கு அந்த அம்புக்குறி போதும். ராத்திரியே செல்போனில் தேட ஆரம்பித்தால் ஊசி, ஜெல், கேப்ஸ்யூல், லேகியம் என்று பத்து வழி வந்து நிற்கும்.

அந்தப் பத்தில் எது நல்லது என்பது இரண்டாவது கேள்வி. 280 எதனால் வந்தது என்பதுதான் முதல் கேள்வி. அது தெரியாமல் ஊசியா ஜெல்லா என்று ஒப்பிடுவது, பெண் பார்க்கும் முன்பே மண்டபம் புக் பண்ணுவது மாதிரி. அதனால் இந்த ஒப்பீடு மருந்துக் கடையிலிருந்து தொடங்கவில்லை, ரத்தம் எடுக்கும் நாற்காலியிலிருந்து தொடங்குகிறது.

எண்ணையே முதலில் சந்தேகிக்க வேண்டும்

டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருக்கும், பிற்பகலில் இறங்கும். சாப்பிட்டாலும் இறங்கும். ஆகவே ரத்தம் எடுக்கும் நேரம் காலை 7 முதல் 10 மணி, அதுவும் வெறும் வயிற்றில். காய்ச்சல் வந்து தேறிக்கொண்டிருக்கும் வாரத்திலோ, ஆபரேஷன் முடிந்த கையோடோ எடுத்தால் எல்லாருக்கும் குறைவாகத்தான் வரும். நைட் ஷிஃப்ட் பார்ப்பவர் தூங்கி எழுந்ததும் எடுக்க வேண்டும். இப்படியெல்லாம் எடுத்தும் குறைவாக வந்தால் வேறொரு நாள் மறுபடி எடுக்க வேண்டும். முதல் தடவை குறைவாக வருபவர்களில் பத்துக்கு மூன்று பேருக்கு இரண்டாம் தடவை சரியாகவே வந்துவிடுவதுண்டு.

முடி உதிர்கிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பல லேப்களில் உள்ள இயந்திரங்கள் பயோட்டினையே பசையாக வைத்துத்தான் ஹார்மோனை அளக்கின்றன. உடம்பில் பயோட்டின் மிதமிஞ்சி இருந்தால் டெஸ்டோஸ்டிரோன் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். உண்மையான குறைபாடு அப்படி மறைந்துபோகும். மூன்று நாள் முன்பே நிறுத்திவிட்டுப் போவது நல்லது.

சரி, இரண்டு தடவையும் 280 வந்துவிட்டது. அது குறைவா? அமெரிக்க நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்களின் சங்கம் 2018இல் வைத்த கீழ் எல்லை 264. அதே ஆண்டு அமெரிக்க யூராலஜி (சிறுநீர்ப்பாதை) மருத்துவர்களின் சங்கம் வைத்தது 300. ஆக, 280 ஒரு கதவுக்கு உள்ளே, இன்னொரு கதவுக்கு வெளியே. (எல்லாம் டெசிலிட்டருக்கு நானோகிராம். ரிப்போர்ட்டில் 9.7 என்று சின்ன எண்ணாக இருந்தால் அது நானோமோல் கணக்கு, 28.8ஆல் பெருக்கிக்கொள்ளலாம்.)

இந்த இழுபறியைத் தீர்ப்பது எஸ்.எச்.பி.ஜி. என்ற புரதம். ரத்தத்தில் ஓடும் டெஸ்டோஸ்டிரோனில் பெரும்பகுதியை இது இறுகப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிடிபடாமல் ஓடுவதுதான் வேலை செய்யும். தொப்பையும் சர்க்கரை நோயும் இருப்பவருக்கு இந்தப் புரதம் குறைந்துவிடும், அதனால் மொத்த அளவும் குறைவாகத் தெரியும். வயது ஏற ஏறவும், கல்லீரல் கெட்டாலும், தைராய்டு கூடினாலும் புரதம் ஏறும். கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் வித்தியாசம் புரியும். மொத்தம் 280, அல்புமின் (ரத்தத்தில் உள்ள இன்னொரு புரதம்) 4.3 என்று இருக்கும் இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு எஸ்.எச்.பி.ஜி. 18. அவருடைய கட்டற்ற டெஸ்டோஸ்டிரோன் மில்லிலிட்டருக்குச் சுமார் 74 பிகோகிராம் வரும். இன்னொருவருக்கு எஸ்.எச்.பி.ஜி. 60. அவருக்கு வருவது சுமார் 37தான். ஐரோப்பிய ஆய்வாளர்கள் குறைபாட்டுக்கு வைத்த கோடு ஏறக்குறைய 63. முதல் ஆளுக்கு ஹார்மோன் பஞ்சமே இல்லை, இரண்டாம் ஆளுக்கு நிஜமாகவே பஞ்சம். ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் இருவருக்கும் ஒரே அம்புக்குறி.

லேபில் 'ஃப்ரீ டெஸ்டோஸ்டிரோன்' என்று நேரடியாக விற்கும் மலிவான பரிசோதனையை நம்பிப் பயனில்லை. மொத்தம், எஸ்.எச்.பி.ஜி., அல்புமின் மூன்றையும் அளந்து கணக்கிட்டு வருவதே சரியான எண்.

அடுத்தது எல்.எச்., எஃப்.எஸ்.எச். (பிட்யூட்டரி சுரப்பி விரைக்கு அனுப்பும் கட்டளை ஹார்மோன்கள்), புரோலாக்டின் (பால் சுரக்கவைக்கும் ஹார்மோன், ஆணுக்கும் கொஞ்சம் உண்டு). எல்.எச். ஏறியிருந்தால் பழுது விரையில்: மூளை கத்துகிறது, விரைக்குக் கேட்கவில்லை. எல்.எச். குறைவாகவோ சாதாரணமாகவோ இருந்தால் மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி போதிய கட்டளையே அனுப்பவில்லை என்று பொருள். உடல் பருமன், சர்க்கரை, தூக்கக்கேடு எல்லாம் இந்த இரண்டாவது ரகம். பிட்யூட்டரியில் கட்டி இருந்தாலும் இதே படம்தான் வரும். மொத்த அளவு 150க்குக் கீழே போனாலோ, புரோலாக்டின் விடாமல் ஏறியே இருந்தாலோ எம்.ஆர்.ஐ. எடுக்காமல் சிகிச்சையைத் தொடங்கக்கூடாது.

புரோலாக்டின் ஏறியிருக்கும் நம்மூர் ஆண்களிடம் முதலில் கேட்க வேண்டியது கேஸ் மாத்திரை. நெஞ்செரிச்சலுக்குக் கொடுக்கும் பல கேப்ஸ்யூல்களில் டோம்பெரிடோனோ லெவோசல்பிரைடோ சேர்ந்தே இருக்கிறது. இரண்டும் புரோலாக்டினை ஏற்றும், பாலுறவு நாட்டத்தைக் குறைக்கும். ஒரு மாதத்துக்கு எழுதிக் கொடுத்ததை இரண்டு வருஷமாகக் கடையில் வாங்கிச் சாப்பிடுபவர்கள் ஏராளம். டிரமடால் போன்ற வலி மாத்திரைகளும், நாள்பட்ட ஸ்டீராய்டும் டெஸ்டோஸ்டிரோனை நேராகவே இறக்கும். அட்டையைத் திருப்பிப் படித்தாலே தீர்ந்துவிடும் கேஸ்கள் இவை.

வயதானால் எல்லா ஆணுக்கும் இது வரும் என்ற பேச்சையும் இங்கேயே முடித்துவிடலாம். பெண்ணின் மாதவிடாய் நிற்பதுபோல ஆணுக்கு ஒரு நாளில் எதுவும் நிற்பதில்லை. வருஷத்துக்குச் சுமார் ஒரு சதவீதம் மெதுவாக இறங்குகிறது. ஐரோப்பாவின் எட்டு ஊர்களில் 40 முதல் 79 வயது வரையுள்ள 3,369 ஆண்களைப் பார்த்து 2010இல் வெளியான ஆய்வில், நாட்டக் குறைவு, விறைப்புக் குறைவு, காலை விறைப்பு குறைதல் மூன்றும் இருந்து, ரத்த அளவும் குறைவாக இருந்தவர்கள் 2.1 சதவீதம் மட்டுமே. எழுபதைத் தாண்டியவர்களிலும் 5.1 சதவீதம். சோர்வும் மறதியும் எரிச்சலும் அந்த வயதில் யாருக்கும் வரும். ஹார்மோன் குறைவைக் காட்டிக் கொடுப்பது அந்த மூன்றுதான்.

ஹார்மோனைத் தொடாத வழி

தொப்பை, சர்க்கரை, குறட்டை மூன்றும் உள்ளவருக்கு எங்கள் முதல் தேர்வு இதுதான், தயங்காமல் சொல்வோம். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் உணவைக் குறைத்து எடை இறக்கியவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் சராசரியாக 84 நானோகிராம் அளவுக்கு ஏறியது. எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குச் சுமார் 250. எடை எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு ஏறுகிறது. 90 கிலோ ஆள் ஒன்பது கிலோ இறக்கினால் 280 என்பது 350ஐத் தாண்ட நல்ல வாய்ப்பு உண்டு. மருந்துச் சீட்டே இல்லாமல் கிடைக்கும் ஏற்றம் இது, விரையும் சுருங்காது.

இதில் சறுக்குவது எங்கே? அவசரத்தில். மாதம் எட்டு கிலோ என்று பட்டினி கிடந்தால் உடம்பு பஞ்ச காலம் என்று நினைத்து அதே ஹார்மோனை இன்னும் இறக்கும், தசையும் கரையும். வாரம் அரைக் கிலோ என்ற வேகம் போதும். தட்டில் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் முட்டை, மீன், பருப்பு, சுண்டல். வாரம் மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சி. எடை தூக்கினால் ஹார்மோன் எகிறும் என்பது ஜிம் பேச்சு, நிரந்தர அளவு பெரிதாக மாறுவதில்லை. ஆனால் எடை இறங்கும்போது தசையைக் காப்பாற்றுவது அதுதான். தூக்கத்தை விட்டுவிடக் கூடாது. 2011இல் வெளியான ஒரு சின்ன ஆய்வில், இளைஞர்களை ஒரே வாரம் ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கவைத்ததில் பகல் அளவு 10 முதல் 15 சதவீதம் இறங்கியது. ஆறு மாதம் கழித்துத்தான் மறு பரிசோதனை. மூன்றாம் வாரமே எடுத்துப் பார்த்துவிட்டு 'ஒன்றும் ஏறவில்லை' என்று கைவிடுபவர்கள்தான் அதிகம்.

குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வருபவர்களுக்கு முகமூடிக் கருவி வைப்பதால் ஹார்மோன் நிச்சயம் ஏறும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் அதைச் சரிசெய்தே ஆக வேண்டும். சரிசெய்யாமல் டெஸ்டோஸ்டிரோன் போட்டால் மூச்சுத்தடையும் ரத்தக் கெட்டியும் கூடும்.

விறைப்பு மட்டும்தான் பிரச்சினை, நாட்டம் நன்றாகவே இருக்கிறது என்றால் ஹார்மோன் பேச்சே பெரும்பாலும் தேவையில்லை. அது ரத்தக்குழாய்ப் பிரச்சினை. ஆண்குறியின் தமனி ஒன்றிரண்டு மில்லிமீட்டர், இதயத்தினுடையது மூன்று நான்கு. அடைப்பு மெல்லிய குழாயில்தான் முதலில் தெரியும். இதய மருத்துவரைப் பார்த்துவிட்டு, தினம் டடலாஃபில் 5 மில்லிகிராம் அல்லது தேவைக்கு ஒரு மணி நேரம் முன்பு சில்டெனாஃபில் 50 என்று மருத்துவர் தருவது இதற்குப் பொருத்தம். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை வைத்திருப்பவர் இவை இரண்டையும் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும்.

நாட்டு மருந்துக் கடை

நெருஞ்சில் விலங்குகளில் ஏதோ செய்தது என்பதால் உலகம் முழுக்க விற்கிறது. மனிதரில் நடந்த நல்ல ஆய்வுகளில் டெஸ்டோஸ்டிரோனை அது ஏற்றவில்லை. அமுக்கராவுக்குக் கொஞ்சம் நல்ல பெயர்: சின்னச் சின்ன ஆய்வுகளில் சிறு ஏற்றம் காட்டியிருக்கிறது, தூக்கமும் மனப்பதற்றமும் சற்றுத் தேறியிருக்கின்றன. கல்லீரல் வீக்கமும் அங்கங்கே பதிவாகியிருப்பதால், எடுப்பவர் மூன்று மாதத்தில் ஒருமுறை கல்லீரல் பரிசோதனை பார்த்துக்கொள்ளட்டும். சித்த மருத்துவர் எழுதிக் கொடுக்கும் சூரணம் ஒரு ரகம். 'ஒரே மணி நேரத்தில் பலன்' என்று பளபளக்கும் டப்பா வேறு ரகம். அந்த ஒரு மணி நேரப் பலன் மூலிகையால் வருவதில்லை. இப்படிப்பட்ட டப்பாக்களைச் சோதித்தபோது சொல்லாமல் கலந்த சில்டெனாஃபில் திரும்பத் திரும்பச் சிக்கியிருக்கிறது. நைட்ரேட் சாப்பிடுபவர் இதை மூலிகை என்று நம்பி விழுங்கினால் என்ன ஆகும் என்பது மேலே சொன்னதுதான்.

நம்பிக்கையின் பலத்துக்கு ஒரு பழைய சாட்சி உண்டு. 1889இல் பிரவுன்-செகார் என்ற 72 வயது மருத்துவ அறிஞர், நாய், கினிப்பன்றி விரைகளை அரைத்துத் தண்ணீரில் எடுத்த சாற்றைத் தனக்கே ஊசி போட்டுக்கொண்டு, இளமை திரும்பியது என்று பாரீஸில் அறிவித்தார். டெஸ்டோஸ்டிரோன் தண்ணீரில் கரையாது. அவர் போட்டுக்கொண்டதில் ஹார்மோன் இருந்திருக்கவே வழியில்லை.

ஜெல்லா, ஊசியா

இரண்டு காலைப் பரிசோதனையும் குறைவு, கட்டற்ற அளவும் குறைவு, அந்த மூன்று அறிகுறிகளும் இருக்கின்றன, காரணமும் தேடியாயிற்று. இப்போதுதான் மருந்து. அதற்கும் முன் ஒரு வடிகட்டி: புராஸ்டேட் அல்லது மார்பகப் புற்றுநோய், ஆறு மாதத்துக்குள் மாரடைப்போ பக்கவாதமோ, கட்டுக்கடங்காத இதயச் செயலிழப்பு, கால் நரம்பில் ரத்தக்கட்டு வரும் தன்மை, ஹீமடோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்கள் அடைத்துக்கொள்ளும் பங்கு) 48க்கு மேல், பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 4க்கு மேல் இருந்தால் தொடங்கக்கூடாது, அல்லது உரிய மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகே தொடங்க வேண்டும். குழந்தை வேண்டும் என்பவருக்கும் இது கிடையாது, அவருக்கு வேறு வழி பின்னால் வருகிறது.

அறுபதை ஒட்டியவருக்கு முதல் மருந்தாக நாங்கள் சொல்வது ஜெல். காரணம் ஒன்றுதான்: நிறுத்தினால் சில நாளில் வெளியேறிவிடும். புராஸ்டேட்டிலோ ரத்தத்திலோ தொந்தரவு தெரிந்தால் மறுநாளே பாக்கெட்டைக் கிழிக்காமல் இருந்தால் போதும்.

ஒரு சதவீத ஜெல் பாக்கெட்டில் 5 கிராம் ஜெல், அதில் 50 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன். தோல் வழியே உள்ளே போவது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, அதாவது 5 மில்லிகிராம். ஓர் ஆணின் விரை ஒரு நாளில் சுரப்பதும் அந்த அளவுதான். காலைக் குளியல் முடிந்து உடம்பை நன்றாகத் துவட்டிய பிறகு தோள், மேல்கை, வயிற்றில் மெல்லிய படலமாகத் தடவ வேண்டும். விதைப்பையில் தடவக்கூடாது. தேய்த்து மசாஜ் செய்யத் தேவையில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஐந்து நிமிஷம் காயவிட்டுச் சட்டை போட வேண்டும். ஜெல்லில் ஆல்கஹால் உண்டு, தீப்பிடிக்கும். குளித்த கையோடு பூஜையறைக்குப் போய்க் கற்பூரம் ஏற்றும் வழக்கம் உள்ளவர் காயும்வரை பொறுக்கட்டும். அடுத்த ஐந்து மணி நேரத்துக்குக் குளியல் வேண்டாம். காலை மாலை இரு வேளையும் குளிப்பவருக்கு இதில் சிக்கல் இல்லை.

உண்மையான சிக்கல் பேரப்பிள்ளை. வீட்டில் வேட்டியோடு வெறும் உடம்பாகவோ கைவைக்காத பனியனோடோ இருக்கும் தாத்தா, குழந்தையைத் தோளில் சாய்த்துத் தூங்கவைப்பார். தோளில் இருப்பது ஜெல். இப்படித் தோலிலிருந்து தோலுக்கு ஒட்டிப் போய், சின்னக் குழந்தைகளுக்கு மறைவிட முடி வளர்ச்சியும் உறுப்பு வளர்ச்சியும் வந்ததைக் கண்டு, அமெரிக்க மருந்துத் துறை 2009இல் பெட்டி மேலேயே கறுப்புக் கட்டத்தில் எச்சரிக்கை போட வைத்தது. ஆகவே கைவைத்த சட்டை கட்டாயம். குழந்தையைத் தூக்கும் முன்போ, மனைவியோடு நெருங்கும் முன்போ தடவிய இடத்தைச் சோப்பால் கழுவ வேண்டும். வீட்டில் கைக்குழந்தை இருந்து, சட்டை போட மனசு வராதவர் என்றால் ஜெல்லை விட்டுவிட்டு ஊசிக்குப் போவதே மேல்.

ஜெல் சிலர் தோலில் உள்ளே போகவே போகாது. இரண்டு முதல் நான்கு வாரத்தில், தடவி இரண்டிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் ரத்தம் எடுத்துப் பார்த்து, தேவையானால் 75, 100 என்று ஏற்றுவார்கள். ரத்தம் எடுக்கும் கையில் அன்று ஜெல் தடவியிருக்கக் கூடாது. ஊசி தோலில் இருக்கும் மருந்தையும் சேர்த்து இழுத்து 2,000 என்றெல்லாம் காட்டும், மருத்துவர் பயந்து அளவைக் குறைப்பார்.

குறுகிய கால ஊசி விலை மலிவு, அதற்கு மேல் பெரிய பெருமை இல்லை. எனந்தேட் 250 மில்லிகிராம் ஆம்பூல் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை இடுப்பில். போட்ட இரண்டு மூன்றாம் நாள் அளவு உச்சிக்குப் போகும், பதினைந்தாம் நாள் தரைக்கு வரும். மனசும் அதோடு ஏறி இறங்கும்: முதல் வாரம் வீட்டில் எரிந்து விழுவார், கடைசி வாரம் சுருண்டு கிடப்பார். வாரம் 100 மில்லிகிராமாகப் பிரித்துப் போட்டால் இது சீராகும். ஆனால் கண்ணாடி ஆம்பூலை உடைத்தால் மிச்சத்தை எடுத்துவைக்க முடியாது. அதனால் மருந்தின் அளவை முடிவு செய்வது மருத்துவரா, ஆம்பூலா என்ற நிலை. சஸ்டனான் 250 டெஸ்டோஸ்டிரோனின் நான்கு எஸ்டர்களின் (வேதி வடிவங்களின்) கலவை, கடலை எண்ணெயில் கரைத்தது. வேர்க்கடலை ஒவ்வாதவருக்கு அது ஆகாது. ரத்தம் கெட்டியாவதும் இந்த ரக ஊசிகளில்தான் அதிகம்.

நீண்ட கால ஊசி அண்டெகனோவேட், நெபிடோ என்ற பெயரில் பலருக்குத் தெரியும். 1,000 மில்லிகிராம், 4 மில்லி விளக்கெண்ணெய்க் கரைசல். முதல் ஊசி, ஆறு வாரத்தில் இரண்டாவது, பிறகு 10 முதல் 14 வாரத்துக்கு ஒன்று. அளவு சீராக நிற்கும், தினசரி ஞாபகம் வேண்டாம். போடுவதில்தான் கவனம். படுக்கவைத்து, புட்டத் தசையில் ஆழமாக, இரண்டு நிமிஷம் எடுத்து மெதுவாகச் செலுத்த வேண்டும். எண்ணெய்த்துளி ரத்தக்குழாயில் ஏறி நுரையீரலுக்குப் போனால் ஊசி உருவும்போதே இருமல், மூச்சுமுட்டல், வியர்வை வரும். பெரும்பாலும் தானாக அடங்கிவிடும், ஆனாலும் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். கம்பவுண்டர் நின்றபடியே பத்து வினாடியில் போட்டு அனுப்பும் இடம் இந்த ஊசிக்கு உகந்ததில்லை. இதன் பெரிய குறை திரும்பப் பெற முடியாமை. போட்ட பிறகு பி.எஸ்.ஏ. தாவினால் மூன்று மாதம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஜெல்லில் ஆறு மாதம் நன்றாகப் போனவர் பிறகு இதற்கு மாறலாம். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபாரின் போன்றவை சாப்பிடுபவருக்குத் தசையில் ஆழ ஊசி போட்டால் ரத்தம் கட்டும், அவர் ஜெல்லிலேயே இருக்கட்டும். அப்போதும் டெஸ்டோஸ்டிரோன் வார்ஃபாரினின் வேகத்தைக் கூட்டும் என்பதால் ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் பரிசோதனை) அடிக்கடி பார்க்க வேண்டும்.

வாய்வழி வேண்டும் என்பவர்களுக்கு 40 மில்லிகிராம் அண்டெகனோவேட் கேப்ஸ்யூல் இருக்கிறது. இது கொழுப்போடு சேர்ந்து நிணநீர் வழியாகப் போகும் மருந்து. வேளைக்குச் சுமார் 20 கிராம் கொழுப்பு சாப்பாட்டில் இருந்தால்தான் உள்ளே ஏறும். இரண்டு இட்லி, சாம்பாரோடு விழுங்கினால் பாதி வீண். நெய் ரோஸ்ட் என்றால் சரி, ஆனால் கொழுப்பைக் குறைக்கச் சொன்ன ஆளுக்குத் தினம் இரு வேளை நெய் ரோஸ்ட்டா? மீதில் டெஸ்டோஸ்டிரோன் மாத்திரை கல்லீரலைக் கெடுக்கும், வேண்டவே வேண்டாம். மெஸ்டெரோலோன் இங்கே நிறைய எழுதப்படுகிறது. அது பலவீனமான ஆண்ட்ரோஜன் (ஆண் ஹார்மோன் வகை), குறைபாட்டை ஈடுகட்டாது, ரத்த டெஸ்டோஸ்டிரோனையும் ஏற்றாது.

குழந்தை வேண்டும் என்றால்

தாமதமாகக் கல்யாணமானவர், மறுமணம் செய்தவர் இதை முதல் நாளே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால் பிட்யூட்டரி தன் கட்டளையை நிறுத்திவிடும், விந்தணு சில மாதங்களில் பூஜ்ஜியம் வரை போகலாம், விரையும் சுருங்கும். நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பும், ஆனால் மாதங்கள் பிடிக்கும், சிலருக்கு வருஷமும். எல்.எச். குறைந்த ரகமாக இருந்தால் குளோமிஃபீன் 25 மில்லிகிராம் தினமோ ஒருநாள் விட்டோ, அல்லது எல்.எச். போலவே வேலை செய்யும் எச்.சி.ஜி. ஊசி 1,500 முதல் 2,000 யூனிட் வாரம் இரண்டு மூன்று தடவையோ கொடுத்து விரையையே வேலை வாங்குவார்கள். குளோமிஃபீன் ஆண்களுக்கென்று அனுமதி பெற்ற மருந்தல்ல, மருத்துவர் தன் பொறுப்பில் எழுதுவது. கண்ணில் மின்னல், மங்கல் தெரிந்தால் அன்றே நிறுத்த வேண்டும். எல்.எச். ஏற்கெனவே ஏறியிருப்பவருக்கு இரண்டும் பலிக்காது, ஓடாத மாட்டைச் சாட்டையால் அடிப்பதுபோலத்தான்.

எதற்குப் பலன், எதற்கு இல்லை

அமெரிக்காவில் 65 தாண்டிய, அளவு 275க்குக் கீழான 790 ஆண்களுக்கு ஓராண்டு ஜெல்லோ, மருந்தில்லாத வெற்று ஜெல்லோ கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2016இல் வந்தது. நாட்டமும் உடலுறவும் மிதமாகத் தேறின. 'உற்சாகம்' என்ற அளவுகோலில் சொல்லும்படி எதுவும் இல்லை. சோர்வுக்காக மட்டும் ஜெல் கேட்பவருக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடைக்காது.

இதயப் பயத்துக்கு 2023இல் பதில் வந்தது. இதய நோயோ அதற்கான அபாயமோ உள்ள, 45 முதல் 80 வயதுள்ள ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் மூன்றும் சேர்த்து ஜெல் பக்கம் 7.0 சதவீதம், வெற்று ஜெல் பக்கம் 7.3. நிம்மதி. ஆனால் இதயத் துடிப்புக் கோளாறும் நுரையீரல் ரத்தக்கட்டும் ஜெல் பக்கம் கூடுதலாகவே இருந்தன. எலும்பு முறிவு ஜெல் பக்கம் 91 பேருக்கு, மறுபக்கம் 64 பேருக்கு. எலும்பு அடர்த்தி ஏறும், ஆகவே எலும்பு உறுதியாகும் என்று சொல்லி விற்றவர்கள் இதைக் கொஞ்சம் படிக்கலாம். இன்னொன்று, இரு பக்கத்திலும் ஐந்தில் மூன்று பேர் பாதியில் மருந்தை விட்டுவிட்டார்கள். அதனால் அந்த நிம்மதியையும் அளவோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சர்க்கரை வராமல் தடுக்குமா? ஆஸ்திரேலியாவில் 50 முதல் 74 வயதுள்ள, இடுப்பு பெருத்த 1,007 ஆண்களுக்கு உணவுப் பயிற்சித் திட்டத்தோடு இரண்டு ஆண்டு நீண்ட கால ஊசியோ வெற்று ஊசியோ போட்டார்கள். சர்க்கரை அளவு எல்லை தாண்டியது ஊசி பக்கம் 12 சதவீதம், மறுபக்கம் 21. கேட்க நன்றாக இருக்கிறது. அதே ஊசி பக்கம் 22 சதவீதம் பேருக்கு ஹீமடோக்ரிட் 54ஐத் தொட்டது, மறுபக்கம் 1 சதவீதம். ஹார்மோன் பஞ்சமே இல்லாதவருக்குச் சர்க்கரைத் தடுப்பு மருந்தாக இதை எழுதுவதற்கு எங்கள் ஓட்டு இல்லை.

தொடங்கியவர் காலண்டரில் குறிக்க வேண்டியவை

தொடங்கும் முன் ஹீமடோக்ரிட், பி.எஸ்.ஏ., விரலால் புராஸ்டேட் பரிசோதனை. பிறகு மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் ஒருமுறை, ஓராண்டில் ஒருமுறை.  ஹீமடோக்ரிட் 54 தாண்டினால் மருந்தை நிறுத்தி, இறங்கியபின் குறைந்த அளவில் தொடங்க வேண்டும். புகைபிடிப்பவருக்கும் மூச்சுத்தடைக் குறட்டைக்காரருக்கும் இது வேகமாக ஏறும். ரத்ததானம் செய்து சமாளித்துக்கொண்டே பழைய அளவில் தொடர்வது குழாயை மூடாமல் தரையைத் துடைப்பது. பி.எஸ்.ஏ. முதல் ஆண்டில் 1.4க்கு மேல் கூடினால் யூராலஜி மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஊசிக்காரர் ரத்தம் கொடுக்கும் நாளும் முக்கியம். குறுகிய கால ஊசி என்றால் இரண்டு ஊசிக்கு நடுவில், அப்போது 350 முதல் 600க்குள் நிற்க வேண்டும். நீண்ட கால ஊசி என்றால் அடுத்த ஊசிக்குச் சற்று முன். எனந்தேட் போட்ட மூன்றாம் நாள் எடுத்துவிட்டு 1,200 என்று பூரிப்பதிலோ பதறுவதிலோ அர்த்தமில்லை.

நாட்டம் திரும்ப ஆறு வாரம் ஆகலாம், விறைப்புக்கு ஆறு மாதம்வரை. ரத்த அளவு நடுவில் நின்றும் ஆறு மாதத்தில் மனைவிக்கும் வித்தியாசம் தெரியவில்லை, தனக்கும் தெரியவில்லை என்றால் நிறுத்திவிட வேண்டும், அளவை ஏற்றக்கூடாது. நிறுத்திய முதல் சில வாரங்கள் முன்பிருந்ததைவிட மோசமாகத் தோன்றும். சொந்தச் சுரப்பு விழித்துக்கொள்ள எடுக்கும் நேரம் அது. அந்தச் சோர்வைப் பார்த்துவிட்டு 'மருந்து இல்லாமல் முடியவில்லை' என்று மறுபடி பாக்கெட்டைக் கிழிப்பவர்கள் உண்டு. மூன்று மாதம் பொறுத்து, ஒரு காலை 8 மணிக்கு வெறும் வயிற்றில் மறுபடி எடுத்துப் பார்த்தால் அவருடைய சொந்த எண் எது என்று தெரியும்.